என் அண்ணன் சுவரும் என் கண்ணாடியும்

என் அண்ணன் திருடர். மூத்தவர் என்ற மரியாதையைக் கொடுத்தேதான் சொல்கிறேன். அவர் யார் பெட்டியையும் உடைக்கவில்லை. முதலில் என் வீட்டு வெளிச்சத்தைத் திருடினார். பிறகு அந்த வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்த என் யோசனையையும் திருடினார். இரண்டாவது திருட்டு இப்போது அச்சிலேயே வந்துவிட்டது. எங்கள் தெருச் சங்கம் போட்ட ஆண்டு மலரில் அவர் படத்தைப் போட்டு, கீழே "இருட்டுச் சந்துக்குக் கண்ணாடி வைத்து வெளிச்சம் கொண்டுவந்த பெரியவர்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் அவர் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் பங்கு வெல்லத்தையும் தின்றுவிட்டு அப்படித்தான் சிரிப்பார்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. நாலாம் வகுப்போடு தார் சுற்ற உட்கார்த்திவிட்டார்கள். தார் சுற்றுவது என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலைச் சுற்றுவது. அதைச் சுற்றிச் சுற்றி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நூல் சிக்கினால் சிக்கை எடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன். இதுவும் அப்படித்தான்.

எங்கள் தெரு ராசிபுரத்துப் பக்கம். என்னை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். எவ்வளவு உள்ளூர் என்றால், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதான். மாடு போகும், வண்டி போகாது. சந்துக்குக் கிழக்கே அண்ணன் வீடு, மேற்கே எங்கள் வீடு. அண்ணன் நூலுக்குச் சாயம் போடுபவர். என் வீட்டுக்காரர் தறி நெய்பவர்.

எங்கள் தறி குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து, மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். பிடிக்கவில்லை என்று தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்க முடியாது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், கிழக்கே சந்தைப் பார்த்தது. அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் அவர் பட்டுக்கரை வேட்டி நெய்வார். கரை அவ்வளவு நயமாக இருக்கும். நூல் கொடுக்கிற முதலாளி அதை விரித்துப் பார்க்கும்போது என் வீட்டுக்காரர் வேறெங்கோ பார்ப்பதுபோல் நிற்பார். காது மட்டும் முதலாளி பக்கம் இருக்கும்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு அண்ணன் மாடியோடு மெத்தை வீடு கட்ட ஆரம்பித்தார். சந்துப் பக்கச் சுவர் ஏறிக்கொண்டே போனது. நான் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, செவுரு இத்தன ஒசரம் போச்சுன்னா எங்கூட்டுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்?"

"அம்மிணி, வெளிச்சம் மேல இருந்துதான் வரும். நானென்ன வானத்தையா மூடறேன்?" என்றார். கொத்தனார் சிரித்தார். அந்தக் கொத்தனாருக்கு அன்றைக்கு நான்தான் மோர் கொடுத்திருந்தேன்.

சுவர் முடிந்ததும் எங்கள் அறை பானைக்குள் போனது போல ஆகிவிட்டது. நெசவில் ஒரு இழை அறுந்தால் அப்போதே பிணைக்க வேண்டும். பார்க்காமல் நெய்துவிட்டால் துணி நெடுக ஒரு கோடு ஓடும். விளக்கு வைத்துப் பார்த்தோம். புகை பட்டுக்கரையில் படிந்தது. அடுத்த வேட்டியில் ஒரு கோடு. அதற்கடுத்ததில் இரண்டு. முதலாளி வேட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்க இது? வேட்டி கேட்டா ரோடு போட்டுக் குடுத்திருக்கறீங்க?"

என் வீட்டுக்காரர் வேட்டியை வாங்கி மடித்தார்.

"இன்னொருக்கா இப்பிடி வந்துதுன்னா நயம் நூலு கெடையாதுங்க. முரட்டு நூல வாங்கிட்டுப் போயித் துண்டு நெய்யுங்க" என்றார் முதலாளி.

துண்டு நெய்வது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டுக்கரை போட்ட கைக்குத் துண்டு போடச் சொல்வது, கோயில் மாட்டைக் கிணற்றில் கவலை இறைக்கக் கட்டியது போல. அன்றைக்கு அவர் இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. அடுத்த வேட்டி தறியில் ஏறியிருந்தது. அதில் கோடு விழுந்தால் முடிந்தது.

அந்த வாரம் நாவிதர் வந்தார். உச்சி திரும்பிய நேரம். அப்போது ஒரு நாழிகை மட்டும் சந்துக்குள் வெயில் இறங்கும். என் வீட்டுக்காரர் சந்தில் குந்தினார். நாவிதர் தம் கண்ணாடியை அண்ணன் சுவரில் இருந்த மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கத்தியைத் தீட்டினார். நான் உள்ளே, தறிக்கு முன்னால் குனிந்து, அறுந்த இழைகளை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தேன். பளிச்சென்று, தறியில் நீளமாகக் கட்டிய பாவு நூல்கள் மேல் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. அறுந்தது அறுந்ததாகத் தெரிந்தது.

"கண்ணாடிய ஆரும் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"அம்மிணி, சாமிக்கு இந்தப் பக்கத்து மீச இன்னும் பாக்கியிருக்குதுங்க" என்றார் நாவிதர்.

"இருக்கட்டும். மீச எங்கயும் ஓடிப்போவாது. எழ ஓடிப்போயிரும்."

"ஏம்புள்ள, ஒத்தப் பக்கம் செரச்சு ஒத்தப் பக்கம் செரைக்காம நான் எத்தன நேரம் குந்தியிருக்கறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் சொல்ற வரைக்கும்."

பதினொரு இழை பிணைத்தேன். அதற்குள் வெளிச்சம் பாவை விட்டு நகர்ந்து சுவரில் ஏறியது. நாவிதர் தம் கண்ணாடியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

மறுநாள் சீர்த்தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து அதே மாடத்தில் வைத்தேன். வெளிச்சம் வந்தது, ஆனால் நெளிந்து நெளிந்து வந்தது. ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற நூலைப் பார்ப்பது போல இருந்தது. மேலே மேடும் பள்ளமுமாக இருந்தால் வெளிச்சமும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடும். அண்ணன் சுவருக்கு வெள்ளையடித்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வெள்ளைச் சுவர் வாங்கிய வெயிலை எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துவிடும். சந்து வெளுக்கும், நூல் தெரியாது. கண்ணாடி அப்படி இல்லை. வந்த வெயிலைச் சிந்தாமல் ஒரே பக்கம் அனுப்பும். எந்தச் சரிவில் வந்து இடிக்கிறதோ அதே சரிவில் எதிர்ப்பக்கம் போகும். பந்தைச் சுவரில் அடித்து விளையாடிய எல்லாருக்கும் இது தெரியும். என் அண்ணனுக்கும் தெரியும். அந்தப் பந்தும் என்னுடையதுதான்.

ஆகவே சேலம் போனோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடை. கடைக்காரர் ஒரு முழக் கண்ணாடியைக் காட்டி, "ஆளு முழுசும் தெரியும்மா" என்றார்.

நான் பார்த்தேன். இடுப்போடு நின்றது. "காலக் காணமே" என்றேன்.

"தள்ளி நின்னு பாருங்கம்மா. தள்ளத் தள்ளப் பாதம் வரைக்கும் தெரியும்."

ஒரு அடி தள்ளினேன். இடுப்பு. மூன்று அடி தள்ளினேன். இடுப்பு. கடைப் படியிறங்கித் தெருவில் நின்றேன். மூட்டை ஏற்றி வந்த கைவண்டிக்காரர், "அம்மோவ், ஓரம்!" என்று கத்தினார். அப்போதும் இடுப்புதான். உருவம் சின்னதாகத் தெரிந்ததே தவிர ஒரு விரல்கூட அதிகம் தெரியவில்லை.

"ஏனுங்க, நான் இப்பிடியே ஏற்காடு வரைக்கும் தள்ளிப் போனாலும் என்ற காலு தெரியாது. பொய் சொல்லி விக்காதீங்க" என்றேன்.

என் இடுப்பில் எப்போதும் நூல்கண்டு ஒன்று இருக்கும். எடுத்து என் உயரத்தை அளந்தேன். பிறகு பெரிய கண்ணாடி ஒன்றின் முன்னால் நின்று, என் உச்சி எங்கே தெரிகிறது, கட்டைவிரல் எங்கே தெரிகிறது என்று என் வீட்டுக்காரரை விரல் வைக்கச் சொல்லி, அந்த இடைவெளியை அளந்தேன். நூலை இரண்டாக மடித்தால் சரியாக இருந்தது. பாதி. யோசித்தால் நியாயம்தான். என் கால் தெரிய வேண்டுமென்றால் காலிலிருந்து போன வெளிச்சம் கண்ணாடியில் இடித்து என் கண்ணுக்கு வரவேண்டும். போன சரிவிலேயே திரும்புவதால் அது காலுக்கும் கண்ணுக்கும் நடுப்பாதியில்தான் இடிக்கும். உச்சிக்கும் அப்படியே. ஆக, ஆள் உயரத்தில் பாதி இருந்தால் போதும், சரியான உயரத்தில் மாட்டினால். தள்ளி நிற்பதால் ஒரு பயனும் இல்லை. இன்றைக்கும் கடைகளில் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். நம்பாதீர்கள்.

"அம்மா, நீங்க மூஞ்சி பாக்க வாங்கறீங்களா, கணக்குப் பாக்க வாங்கறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நூலு பாக்க வாங்கறேன்."

என் பாதி உயரத்துக்கு ஒன்று வாங்கினோம். மூஞ்சி பார்ப்பதற்கு அது போதும். தறிக்கும் அது போதும் என்று கணக்குப் போட்டேன். கண்ணாடி எத்தனை பெரியதோ அத்தனை பெரிய வெளிச்சத் துண்டு கிடைக்கும்.

மோட்டார் பஸ்ஸில் அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தேன். எதிர்ச் சீட்டில் ஒருவர் சண்டைச் சேவலோடு ஏறினார். சேவல் கண்ணாடியைப் பார்த்தது. உள்ளே இன்னொரு சேவல் கழுத்தைச் சிலுப்பியது. இது ஓர் அடி முன்னால் வந்தால் அதுவும் ஓர் அடி முன்னால் வந்தது. இது பாய்ந்தது, அலகு அலகோடு இடித்தது. சேவல்காரர் இழுத்துப் பிடிப்பதற்குள் அது என் மடியைச் சுற்றிக் கண்ணாடிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தது. அங்கே என் சேலைக் கொசுவம்தான் இருந்தது. அந்தச் சேவலின் முகத்தில் இருந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"இவ்வளவு தூரத்துல நிக்கறான்னு பாத்தா ஆளையே காணமே!" என்று சேவலுக்காக அவர் பேசினார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரித்தாலும் யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் எத்தனை தூரத்தில் நிற்கிறோமோ, பின்னால் அத்தனை தூரத்தில் இருப்பது போலத்தான் உருவம் தெரிகிறது. ஆனால் பின்னால் ஒன்றும் இல்லை.

அண்ணன் சுவரில் மாட்ட அனுமதி கேட்டேன்.

"என்ற செவுத்துல ஆணியடிச்சா காரை பேந்துபோகும்" என்றார். நாவிதருக்கு மாடம் கொடுத்தவர் தங்கைக்கு ஓர் ஆணி கொடுக்கவில்லை.

சந்து பொது. ஆகவே சந்தில், அவர் சுவரை ஒட்டி, ஒரு மூங்கிலை நட்டேன். எங்கள் ஓட்டுக்கூரை தாழ்வு. மத்தியானத்துக்கு மேல் சாய்ந்த வெயில் எங்கள் கூரையைத் தாண்டி அண்ணன் சுவரின் மேல்பாதியில் அடிக்கும். அந்த உயரத்தில் கண்ணாடியை மேற்கே பார்க்கக் கட்டினேன். நான் ஏணியில், அவர் உள்ளே குழியில்.

"மேல போவுது! கொஞ்சம் எறக்கு!" என்றார். ஒரு விரல் சாய்த்தேன். "அய்யோ, அடுப்புக்குப் போயிருச்சு!" என்றார். கண்ணாடியை நாம் கொஞ்சம் திருப்பினால் வெளிச்சம் அதைப்போல இரண்டு மடங்கு திரும்பிவிடும். அது தெரியாமல் அன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்பு, உறி, பூனை எல்லாம் வெளிச்சம் கண்டன. கடைசியில் தறிக்கு எதிரே இருந்த வெள்ளைச் சுவரில் நிறுத்தினோம். நூல் மேலேயே விட்டால் கண் கூசும். எதிர்ச் சுவரில் விட்டால் அறை முழுக்க வெளிச்சம். நூல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்.

ஆனால் வெயில் நிற்குமா? சூரியன் இறங்க இறங்க வெளிச்சம் ஏறியது. அரை மணிக்கு ஒருமுறை நான் ஏணியேற முடியாது. நாடாவை ஓட்டுவதற்கு நெசவாளி ஒரு கயிற்றைத்தான் இழுக்கிறார். அதேபோலக் கண்ணாடிக்கு மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு கட்டி ஜன்னல் வழியாகக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து முடிந்தேன். வெளிச்சம் ஏறினால் அவர் மேல்கயிற்றைச் சுண்டினால் போதும், கண்ணாடி குனியும். நாடாக் கயிற்றை ஒரு கையால் இழுப்பார், வெயில் கயிற்றை எப்போதாவது ஒருமுறை இழுப்பார். அவருக்கு ஒரே பெருமை.

"ஏம்புள்ள, இப்ப சூரியனையே நான்தான் இழுத்துக்கிட்டிருக்கறேன்" என்றார். குழியிலிருந்து எழுந்து அந்த வெளிச்சத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்தால் கண்ணாடிக்குள் சூரியன் தெரியும். அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு சூரியன் எங்களுக்கு வெளிச்சம் தருவது போல இருக்கும். "மச்சான் ஊட்டுக்குள்ள இத்தன வெளிச்சமா? நம்மளுக்குச் சொல்லவே இல்லியே" என்று சிரிப்பார்.

நாலாம் நாள் அண்ணன் தெருவைக் கூட்டிவிட்டார். எங்கள் தெருவுக்குப் பெரியதனக்காரர் ஒருவர் உண்டு. சண்டையென்றால் மாரியம்மன் கோயில் முன்னால் அவர் விசாரிப்பார். கண்ணாடியை எடுக்கச் சொல்லிவிட்டால் நயம் நூல் போச்சு. நான் போய் முன்னால் நின்றேன்.

"என்ற செவுத்துல உழுவுற வெய்யில அவ புடுங்கிக்கறாளுங்க. கண்ணாடி அகலத்துக்குச் செவுத்துல நெழல் உழுவுது. நீங்களே வந்து பாருங்க" என்றார் அண்ணன்.

"உழுவுதுங்க. பொய் இல்ல" என்றேன். "கண்ணாடி என்ன வானத்துல இருந்து புதுசா வெய்யில் உண்டாக்குமா? செவுத்துல உழுவறதத்தான் திருப்பி உடுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தச் செவுரு வெய்யில வாங்கி என்னத்த நெய்யுது?"

கூட்டம் சிரித்தது. அண்ணன் முகம் அவர் சாயத் தொட்டி போல ஆனது. அடுத்ததை எடுத்தார்.

"அது மட்டுமில்லீங்க. நான் சந்துல நின்னா மாப்பிள்ள குழியில குந்திக்கிட்டுக் கண்ணாடி வழியா என்னையே பாக்கறாரு."

"அவரு பாக்கறாருன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியுமுங்கண்ணா?"

"அவுரு கண்ணு கண்ணாடியில தெரிஞ்சுதே!"

"அப்ப நீங்களும் எங்கூட்டுக்குள்ள பாத்துக்கிட்டு இருந்திருக்கறீங்க. வெளிச்சம் போற வழியும் வர்ற வழியும் ஒண்ணுதானுங்க. அவரு கண்ணு உங்களுக்குத் தெரிஞ்சா உங்க கண்ணு அவருக்குத் தெரியாம எங்க போகும்? ஆரு மொதல்ல எட்டிப் பாத்தது?"

பெரியதனக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். அது இருமல் இல்லை. பிறகு, "அமாவாச கழியட்டும். என்ன நட்டமுன்னு மெய்ப்பிச்சா எடுத்துப்போடலாம். அதுவரைக்கும் கண்ணாடி நிக்கட்டும்" என்றார்.

அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. என் நாத்தனாரைப் பனமரத்துப்பட்டியில் கொடுத்திருந்தது. முதல் நாளே புறப்பட்டுப் போய், அமாவாசை முடித்து, மறுநாள் முற்பகலில் திரும்பினோம். சந்துக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, நம்மூட்டுக்கு எப்ப மூஞ்சி வந்துது?"

எங்கள் சுவரில், கூரைக்குக் கீழே, சிவப்புச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடி ஒன்று தொங்கியது. என் அண்ணன் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர்க்கண்ணாடி. எங்கள் சுவரில், எங்களைக் கேட்காமல், இரண்டு ஆணி! அண்ணன் மெத்தையைத் தாண்டி வந்த வெயில் அதில் இடித்து, செங்குத்தாக இறங்கி, எதிரே அண்ணன் வீட்டுக் கீழ் ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் போய் எட்டிப் பார்த்தேன். சாய அறை. அண்ணன் கழி என்கிற ஈர நூல்கற்றை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, மாதிரி நூலோடு ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, எங்க செவுத்து வெய்யில வெச்சு என்ன பண்றீங்க?"

கழி தொட்டியில் விழுந்து அவர் முகம் முழுக்க அரக்குச் சாயம் தெறித்தது.

உள்ளே இருந்து நங்கை வந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவர் சிரிப்பை அடக்கவே இல்லை.

"அம்மிணி, மெத்த எழுப்பறேன்னு உங்கண்ணன் எங்கூட்டு முத்தத்தையும் மூடிப்போட்டாரு. சாய ரூமு கும்மிருட்டு. வெளக்கு வெளிச்சத்துல அரக்குன்னு தோச்சு, சாயம் போடக் குடுத்தவங்களுக்கு அனுப்பினாரு. அங்க வெய்யில்ல விரிச்சுப் பாத்தா கத்திரிப்பூ! அத்தன கழியும் திரும்பி வந்துருச்சு. மூணு நாளாச் சோறு எறங்கல."

"நீ செத்த சும்மாரு" என்றார் அண்ணன்.

விளக்கு மஞ்சளில் கத்திரிப்பூவும் அரக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். சாயக்காரர் வீட்டில் பிறந்த எனக்கே தெரியும். இருபது வருஷம் சாயம் போட்டவர் அதை மறந்தது இருட்டினால் அல்ல, பிடிவாதத்தால். சுவரை உயர்த்தி என் அறையை இருட்டாக்கியவர் தம் அறையையும் இருட்டாக்கிக்கொண்டார். கோயில் முன்னால் என்னைத் திட்டிவிட்டு, என் கண்ணாடியைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. என் வீட்டுக்காரர், "விட்டுப்போடு புள்ள" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது.

"விடறேன்" என்றேன். "ஆனா கணக்கா விடறேன். காலையில எங்க செவுரு உங்களுக்கு. மத்தியானம் உங்க செவுரு எங்களுக்கு. மூங்கிலப் புடுங்கிப்போட்டு உங்க செவுத்துல நானே ஆணியடிப்பேன். காரை பேந்தா பேரட்டும்."

அண்ணன் சாய முகத்தோடு தலையாட்டினார்.

இரண்டு கண்ணாடிகளையும் இறக்கித் துடைத்தோம். துடைத்துவிட்டுச் சந்தின் இரண்டு பக்கமும் எதிரெதிரே சாய்த்து வைத்தோம். அண்ணன் ஆணியைத் தேடிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். நின்றவர் திகைத்துவிட்டார். கண்ணாடிக்குள் அண்ணன். அவருக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் அண்ணன். அவருக்கும் பின்னால் முகம் காட்டி ஓர் அண்ணன். ஒருவர் விட்டு ஒருவர், தூரம் போகப் போகச் சின்னதாகி, மங்கலாகி, எண்ணவே முடியவில்லை. முகம் காட்டிய எல்லாருக்கும் அரக்குச் சாயம். ஒரு கண்ணாடியின் உருவத்தை அடுத்த கண்ணாடி பார்த்து, அதை மறுபடி இது பார்த்து, இப்படியே போகிறது.

"அய்யோ, ஒருத்தரையே சமாளிக்க முடியல. இங்க வரிசையா நிக்கறாங்களே!" என்றார் நங்கை.

நான் சொன்னேன்: "இத்தன பேரு நிக்கறீங்க. ஒருத்தராச்சும் உண்மையப் பேசுங்க. இது ஆரு யோசன?"

அண்ணன் சிரித்துவிட்டார். வெல்லம் தின்ற சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்பு. "உன்றதுதான், அம்மிணி. இந்த வருசம் பூச்சாட்டு அன்னைக்கிக் கோயிலு முன்னால நின்னு நானே சொல்லிப்போடறேன். இத்தன பேரு சாட்சி" என்று கண்ணாடியைக் காட்டினார். உள்ளே அத்தனை அண்ணன்மார்களும் கையை நீட்டினார்கள்.

தறியில் இருந்த வேட்டி அந்த வாரம் முடிந்தது. முதலாளி தூக்கிப் பிடித்தார், திருப்பிப் பிடித்தார். கோடு இல்லை. "ரோட்டையெல்லாம் உழுது போட்டீங்களாட்டிருக்குது" என்று சொல்லி, நயம் நூல் கொடுத்தார். என் வீட்டுக்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு மூன்றாம் தரம் சோறு கேட்டார். பிறகு தெருவில் சந்துப் பக்கம் ஜன்னல் உள்ள வீடுகளெல்லாம் கண்ணாடி வாங்கின. என்னிடம் அளவு கேட்டவர்களுக்கு நூலைப் பிடித்து அளந்து கொடுத்தேன்.

மாரியம்மன் திருவிழா தொடங்கும் பூச்சாட்டு வந்தது. அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அடுத்த வருஷம் முழங்கால் வலி. அதற்கடுத்த வருஷம் உலகச் சண்டை வந்து நூலே கிடைக்கவில்லை. அப்போது இதைக் கேட்பது நியாயமில்லை என்று நானே விட்டேன். அப்படி விட்டதுதான் தப்பு. விட்ட இடத்தில் கோடு ஓடி ஓடி இப்போது ஆண்டு மலர் வரைக்கும் வந்துவிட்டது. மலரைப் படித்த என் பேத்தி, "பெரிய தாத்தா எவ்வளவு கெட்டிக்காரர், ஆத்தா!" என்கிறாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கமான வாக்கியத்தைச் சொல்கிறார். நான் விடப்போவதில்லை. முழங்காலுக்குத் தைலம் நானே கொண்டுவருகிறேன், தொண்டைக்குச் சுக்குத்தண்ணீரும் நானே வைத்துத் தருகிறேன்.

அண்ணா, உங்களைத்தான் கேட்கிறேன். வருகிற பூச்சாட்டு அன்று கோயில் முன்னால் ஒலிபெருக்கி கட்டுவார்கள். தெரு முழுக்க இருக்கும். மலரை அச்சடித்தவர்களும் இருப்பார்கள். அதன் முன்னால் வந்து நின்று பதில் சொல்லுங்கள்: வெளிச்சத்துக்காகச் சந்தில் முதல் கண்ணாடியை வைத்தது யார்? நீங்களா, நானா? உங்களால் முடியாவிட்டால், கண்ணாடிக்குள் கையை நீட்டிச் சத்தியம் செய்தார்களே அத்தனை அண்ணன்மார்கள், அவர்களில் ஒருவரையாவது அனுப்புங்கள்.